குப்பை என்று அழித்த குறிப்புகள்

எங்கள் அலுவலகத்து வரைபடங்களைக் கிளவுடுக்கு மாற்ற வேண்டும் என்று முதலில் கேட்டவள் நான்தான். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், புதிதாக எது வந்தாலும் பிடிக்காத ஆள் போலிருக்கிறது என்று என்னை நினைத்துவிடுவார்கள்.

கோவையில் குடிநீர் வழங்கும் ஓர் அமைப்பின் வரைபடப் பிரிவில் பல வருஷமாக இருக்கிறேன். எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் போகிறது, எந்த வால்வை மூடினால் எங்கே தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் கணினியில் ஒரு படமாக இருக்கும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. படம் இருந்த சர்வரை மாடிப்படிக்கு அடியில் ஓர் அறையில் வைத்திருந்தார்கள். ஏசி அடிக்கடி நின்றுபோகும். சித்திரை வெயிலில் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் வேர்வையில் உட்கார்ந்திருப்பேன். தெருவில் குழி தோண்டி நிற்கிறவர்கள் எனக்குப் போன் செய்வார்கள். நான் திரையைப் பார்த்து வழி சொல்வேன். அவர்கள் கையிலேயே படம் இருந்தால் எவ்வளவு நல்லது என்று மனு எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் படத்தில் ஒவ்வொரு வால்வுக்கும் குறிப்பு என்று ஒரு பத்தி இருந்தது. சிங்காநல்லூர்ப் பக்கத்தில் வால்வு திறந்து மூடுகிற அண்ணன் ஒருவரோடு, மூன்று வருஷம் தெருத்தெருவாக நடந்து நான் எழுதிச் சேர்த்தது அது. அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொள்வேன். பேக்கரிப் படிக்கட்டுக்கு அடியில் மூடி இருக்கிறது, கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத் திறக்கவும். மழைக்காலத்தில் குழிக்குள் பாம்பு இருக்கும். இப்படி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு வால்வைக் காட்டி, அவர் நின்று இரண்டு தடவை சொன்னார்.

"இதை நல்லா எழுதிப்போடுங்க அம்மணி. மத்ததெல்லாம் சோத்தாங்கைப் பக்கம் திருப்புனா மூடும். இது பழசுங்க, நொட்டாங்கைப் பக்கம் திருப்புனாத்தான் மூடும். தெரியாத ஆளு வந்து வலப்பக்கமா முறுக்குனா தண்டு ஒடிஞ்சுபோயிரும். அப்புறம் தண்ணிய நிறுத்தவே முடியாதுங்க."

எழுதினேன். கணினியில் ஏற்றியதும், எழுதிய நோட்டுகளைப் பழைய பேப்பரோடு போட்டதும் நான்தான்.

வரைபடத்தை மாற்றும் வேலையை வெளியூர் நிறுவனம் ஒன்று எடுத்தது. அந்தக் குழுவின் தலைவருக்கு என் வயதுதான் இருக்கும். மரியாதையாகப் பேசுவார். சோதனைக்கு ஒரு பிரதியை அனுப்பினார்கள். திறந்து பார்த்தேன். குறிப்புப் பத்தி முழுவதும் கேள்விக்குறிகள். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. சொன்னேன். பார்க்கிறோம் மேடம் என்றார். அடுத்த பிரதியில் அந்தப் பத்தியே இல்லை. போன் செய்தேன்.

"அந்த ஃபீல்டு முழுக்க வெறும் கேள்விக்குறிதான் மேடம் இருந்துச்சு. ஜங்க் டேட்டான்னு கிளீன் பண்ணிட்டோம்."

"அது கேள்விக்குறி இல்லீங்க, தமிழ். மாத்தும்போது உங்க ப்ரோக்ராமுக்குப் படிக்கத் தெரியலை."

"புரியுது மேடம். இப்ப டைம் இல்லை. ஃபேஸ் டூல சேர்த்துக்கலாம்."

குப்பை. மூன்று வருஷம் வெயிலில் நடந்ததை அவர் ஒரு பொத்தானை அழுத்திக் கூட்டித் தள்ளிவிட்டு, புரியுது என்கிறார். அதிகாரியிடம் போனேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எல்லா வால்வும் படத்துல வந்துருச்சல்லோ? பாம்பு இருக்குது, பேக்கரி இருக்குதுங்கறதெல்லாம் ஒரு டேட்டாவாம்மா?"

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு தாள் என் மேசைக்கு வந்தது. திங்கட்கிழமை தொடக்க விழா. 'தகவல்கள் முழுமையாகச் சரிபார்க்கப்பட்டன' என்று அச்சடித்திருந்தது. கீழே என் பெயர். கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. பழைய சர்வரில் குறிப்புகள் அப்படியே இருக்கின்றனவே, பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். விழா முடிந்த வாரத்தில் மாடிப்படிக்கு அடியில் போய்ப் பார்த்தால், அந்த அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சர்வரைக் காயலான் கடைக்கு அனுப்பியாகிவிட்டது. காப்புப் பிரதி இருந்த டிஸ்க்கையும், பாதுகாப்புக்காக என்று சொல்லி அழித்துத்தான் அனுப்பியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த உத்தரவுதான் இன்னும் மோசம். எல்லாம் டேப்லெட்டில் இருக்கும்போது யார் எந்தப் பகுதியில் வேலை பார்த்தால் என்ன என்று களப்பணியாளர்களை மாற்றிப் போட்டார்கள். அண்ணன் மேட்டுப்பாளையம் சாலைப் பக்கம் போனார். அவர் இடத்துக்கு ஓர் ஒப்பந்தத் தொழிலாளி வந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமம். நாற்பது வயது இருக்கும், இரண்டு பெண் குழந்தைகள். டேப்லெட்டைப் பழக்கிக்கொள்ள என்னிடம் ஒரு நாள் வந்தார். விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் திரையைத் தொட்டார்.

"ஏனுங்க, தப்பா ஏதாச்சும் அமுத்திப்போட்டா என்னுங்க ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க. படத்துல இருக்கற மாதிரி செஞ்சாப் போதும்" என்றேன்.

ஒரு நாள் காலை எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் குழாய் உடைந்தது. அவர் டேப்லெட்டைப் பார்த்துச் சரியான வால்வுக்குத்தான் போனார். சாவியை மாட்டி எல்லா வால்வையும் போல வலப்பக்கம் திருப்பினார். அசையவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவரையும் பிடிக்கச் சொல்லி, இரண்டு பேருமாக அழுத்தினார்கள். தண்டு ஒடிந்தது. தூரத்தில் இருந்த மேல்நிலைத் தொட்டியிலேயே தண்ணீரை அடைக்கும்வரை, கிட்டத்தட்ட மதியம்வரை, பள்ளத்தில் இருந்த தெருவுக்குள் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அங்கே ஒரு பாய் தையல் கடை வைத்திருந்தார். பெருநாளுக்குத் தைத்து அடுக்கியிருந்த துணியெல்லாம் சேற்றுத் தண்ணீரில் கிடந்தது.

அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"அம்மணி, அந்த நொட்டாங்கை வால்வுங்களா?"

"ஆமாங்கண்ணா."

"எழுதிப்போட்டமே அம்மணி" என்றார்.

அந்தத் தொழிலாளியை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அறிக்கையில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். இரண்டே வார்த்தை. நான் அதைப் படித்த அன்று வீட்டில் குக்கர் மூடியைப் போட்ட வேகத்தில் கைப்பிடி உடைந்தது.

அடுத்த வாரம் ஆய்வுக் கூட்டம். அந்த நிறுவனத்தார் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு பக்கத்தில் 'தகவல் இழப்பு: இல்லை' என்று வந்தது. பச்சை நிறத்தில். நான் எழுந்துவிட்டேன்.

"இருக்குதுங்க. ஒரு பத்தி முழுசாப் போயிருக்குது. சிங்காநல்லூர் வால்வு எந்தப் பக்கம் திருப்பணும்னு அதுலதான் இருந்துச்சு. குப்பைன்னு இவங்க அழிச்சுப்போட்டாங்க."

அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. "சரிபார்த்தோம்னு கையெழுத்து யாரும்மா போட்டது?" என்றார்.

"நான்தானுங்க. பத்தி இல்லைன்னு தெரிஞ்சேதான் போட்டேன். அதை இந்த லெட்டர்ல எழுதியிருக்கறேன். எனக்கு என்ன மெமோ குடுக்கறதோ குடுங்க. அந்தாளு மேல எழுதினதை மாத்துங்க."

கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். வைத்த வேகத்தில் அது வழுக்கிக் கீழே விழுந்தது, நானே குனிந்து எடுத்துத் திரும்ப வைத்தேன். குழுத்தலைவர் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்காவது இது முன்பே தெரியும் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்கு மெமோ வந்தது. அறிக்கையை மாற்றினார்கள், 'வரைபடத்தில் தகவல் விடுபட்டதால்' என்று. விடுபட்டதாம். தானாக நழுவி விழுந்த மாதிரி. ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்ப வரச் சொல்லி அந்தத் தொழிலாளிக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வரவில்லை. நானே பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினேன்.

கொப்பரை காயவைக்கிற களத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நிழலுக்கு வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"அந்தத் தையக்கடைப் பாய் என்னையப் புடிச்சு உலுக்குனாருங்க. அத்தனை பேரு முன்னாடி. நான் படத்துல இருக்கற மாதிரித்தான் செஞ்சேன்னு சொன்னேன். நம்பலீங்க. நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்."

"வேலைக்குத் திரும்ப வாரீங்களா?"

"வேண்டாமுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த மாத்தின காயிதம் எனக்கு ஒண்ணு கிடைக்குமுங்களா? ஊட்டுல குழந்தைங்க கிட்டக் காட்டோணும்" என்றார்.

அலுவலகத்தில் கேட்டேன். அது உள் ஆவணம், தர முடியாது என்றார்கள். ஒருவன் கவனமில்லாதவன் என்று ஊர் முழுக்கச் சொல்லலாம், இல்லை என்று எழுதியதை மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அவர் பெயரில் ஒரு மனு எழுதினேன். மறுபடி பொள்ளாச்சி போய் அவர் கையெழுத்தை வாங்கி, எங்கள் அலுவலகத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

சில நாளில் அதிகாரி கூப்பிட்டார். மேசையில் அந்த மனு.

"இது உங்க எழுத்து மாதிரியே இருக்குதே?"

"என் எழுத்துதானுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனுவைக் கோப்பில் சேர்த்தார்.

இப்போது சனிக்கிழமைகளில் அண்ணனும் நானும் மறுபடி தெருவில் நடக்கிறோம். நினைவில் இருப்பதைச் சொல்கிறார், எழுதுகிறேன். சில இடங்களில் நின்று, இங்க என்னமோ ஒண்ணு இருந்துச்சே அம்மணி என்று தலையைச் சொறிகிறார். அந்தக் குறிப்புகள் போனது போனதுதான். நாங்கள் மறுபடி எழுதுவதையே இரண்டாம் கட்டத்தின் புதிய வசதி என்று அந்த நிறுவனம் தன் மாத அறிக்கையில் எழுதியிருக்கிறது. படித்துவிட்டுக் கிழித்துப்போட்டேன்.

மனுவுக்குப் பதிலாக மாற்றிய அறிக்கையின் நகல் போய்ச் சேர்ந்த அன்று அந்தத் தொழிலாளி போன் செய்தார். பெரிய பெண் சத்தமாகப் படித்துக் காட்டினாளாம்.

"கவனக்குறைவுன்னு இதுல எங்கீமே இல்லீங்களே?"

"இல்லீங்க."

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். லோடு வண்டி வந்துவிட்டது என்று போனை வைத்தார்.