கலர் மாஸ்டர் மயக்கத்தில் சொன்னது

எண்பதுகளின் தொடக்கத்தில், வேலூரிலிருந்து நாட்றம்பள்ளி வரை எந்த நர்சிங் ஹோமில் ஆபரேஷன் என்றாலும் பஸ் ஏறிப் போகிற மயக்க டாக்டர் நான். கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் ரப்பர் முகமூடி, தொண்டைக்குழாய், மருந்துக் குப்பிகள். சாப்பாட்டுக் கூடை என்று நினைத்து, கொட்டிவிடப் போகிறது என்று கண்டக்டர்கள் எச்சரிப்பார்கள்.

ஆபரேஷன் முடிந்தால் கத்தி பிடித்தவருக்கு மாலையும் ஆப்பிளும். எனக்கு ஒரு மெலிந்த கவர். "ரெண்டு ஊசிதானே மேடம்" என்று சர்ஜன் சிரித்துக்கொண்டே நீட்டுவார். மூன்று மணி நேரம் ரப்பர் பையை அழுத்தி அழுத்தி ஒரு மனுஷனின் மூச்சை நான் நடத்தியிருப்பேன். ரெண்டு ஊசியாம்! பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வாங்கிக் கூடையில் போட்டுக்கொள்வேன்.

அப்படித்தான் ஆம்பூரில் ஒரு கலர் மாஸ்டர் வந்து சேர்ந்தார். தோல் தொழிற்சாலையில் தோலுக்கு மெருகு ஏற்றும் கலவையைத் தயார் செய்கிறவர். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் கலக்குவாராம்; முதலாளிக்குக்கூட அனுமதி இல்லையாம். வயிற்றுப்புண் முற்றி, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும். மனிதர் கத்திக்குப் பயப்படவில்லை, எனக்குத்தான் பயப்பட்டார்.

"டாக்டரம்மா, மயக்கத்துல உளறுவாங்களாமே? என் வாயில இருந்து அந்தக் கலவை வெளிய வந்துட்டா முதலாளிக்கு நான் எதுக்கு? மூணு பொண்ணு வெச்சிருக்கேம்மா."

"ஒன்றும் ஆகாது, படுங்க" என்று அதட்டிவிட்டு வெளியே வந்தால் வராந்தாவில் முதலாளி.

"டாக்டரம்மா, அவர் ஏதாச்சும் பேசினா கொஞ்சம் எழுதி வெச்சுக்குங்க. உங்களுக்கும் ஜாஸ்தியாவே செய்றேன்."

அடப்பாவி! எனக்கு வந்த கோபத்தில், முதல் ஊசியை அவருக்கே போட்டிருப்பேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சர்ஜன் கை கழுவப் போய்விட்டார். குழாயை எடுத்து, நான் மாஸ்டரின் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரை மயக்கத்தில் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"ராணிப்பேட்டைக் கடையில வாங்கற கலர் டின்னுதாம்மா... தண்ணி மட்டும்தான் ஊத்தறேன்... வேற ஒண்ணுமில்ல... முதலாளிக்குச் சொல்லிடாதீங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தாடையை விட்டால் அவருக்கு மூச்சு அடைக்கும், அதனால் சிரிக்கவும் முடியாமல் நின்றேன். அடுத்த நொடியே சிரிப்பு போய்விட்டது. இந்த மனிதரின் சோறு இப்போது என் வாய்ச்சொல்லில் இருக்கிறது.

கதவுக்கு வெளியே முதலாளி காத்திருந்தார்.

"இன்னா சொன்னாரும்மா?"

"பத்துப் பன்னிரண்டு சாமான் பேரு சொன்னாருங்க. எனக்கு ஒண்ணும் புரியல. பெரிய வித்தை போலிருக்கு."

"அதான் பார்த்தேன்!" என்றார் முதலாளி, பெருமையாக. மாஸ்டருக்குச் சம்பளம் ஏற்றிவிட்டதாக மூன்றாம் நாள் கேள்விப்பட்டேன்.

அன்றைக்கு மாஸ்டரைப் பார்க்கப் போனபோது என் முகத்தையே பார்த்தார். "நான் பேசினேனாம்மா?"

"பேசினீங்க. டின்னு, தண்ணி."

பாவம், முகம் செத்துப்போய்விட்டது. "யாரிடமும் சொல்லலை" என்று கையைத் தட்டிக்கொடுத்த பிறகுதான் மூச்சு விட்டார்.

"எவ்ளோ தண்ணி, எந்தத் தோலுக்கு எப்ப நிறுத்தணும், அதுக்குக் கண்ணு வேணும்மா. முப்பது வருஷக் கண்ணு. அத யாரு மதிக்கிறாங்க? கதவச் சாத்தினாத்தான் மதிக்கிறாங்க."

மூச்சை எண்ணிக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அது சுருக்கென்று தைத்தது. பஸ்ஸில் வேலூர் போய்ச் சேரும்வரை அதே நினைப்பு.

அடுத்த வாரம் நாட்றம்பள்ளியில் ஆபரேஷன். நர்ஸைக் கூப்பிட்டு, ஒரு மூலையில் பச்சைத்துணித் திரை கட்டச் சொன்னேன். அதற்குப் பின்னால் போய்த்தான் மருந்தை ஊசியில் ஏற்றினேன். சர்ஜன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், புதுசா ஏதாச்சும் கலக்குறீங்களா?"

"அதெல்லாம் சொல்ற விஷயம் இல்லை சார்."

அன்றைக்குக் கவர் கனத்தது. "ரெண்டு ஊசிதானே" என்று அவர் சொல்லவில்லை. இத்தனைக்கும் எந்த மருந்து, எத்தனை மில்லி என்று கேஸ் ஷீட்டில் ஒன்று விடாமல் எழுதித்தான் வைத்திருந்தேன். மாஸ்டரின் டின்னிலும் எல்லாம் அச்சடித்துத்தான் இருந்திருக்கும்.