பத்துக்குப் பத்து எழுதியவனுக்குக் காலரா

அறுபதுகளில் காலரா நாடு நாடாகப் பரவிக்கொண்டிருந்தபோது நான் செஞ்சியில் ஹெல்த் இன்ஸ்பெக்டர். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக் கூட்டத்துக்கு ஊசி போட உதவியாக மெட்ராஸிலிருந்து பன்னிரண்டு கல்லூரி மாணவர்கள் வந்து, செஞ்சியில் ஒரு சத்திரத்தில் தங்கினார்கள். அவர்களுக்கு நோயைப் பற்றி என்ன தெரியும் என்று பார்க்க, டாக்டர் பத்துக் கேள்விகள் எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு பேரும் பத்துக்குப் பத்து.

"படிச்ச பசங்கய்யா. இவங்களுக்குப் போய் கிளாஸ் எடுக்காத, வேலைய குடு" என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் காலை ஆரோக்கியசாமி என்ற மாணவன் வாந்திபேதியில் சுருண்டு விழுந்தான். கண் உள்ளே போய், கை ஜில்லிட்டுவிட்டது. ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டர் சலைன் ஏற்றினார். பிழைப்பானா என்று கேட்டதற்கு, அடுத்த பாட்டிலை எடு என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சத்திரத்துக் கிணற்றில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றியதே நான்தான்.

அவனுடைய அறைத் தோழன் குமரேசன், அவலூர்பேட்டைக்காரன். அவனைப் பிடித்து உலுக்கினேன்.

"எந்தத் தண்ணிடா குடிச்சீங்க?"

"பவுடர் நாத்தம் தாங்கல சார். பின்னால தோட்டத்துக் கிணத்துல மொண்டு குடிச்சோம்."

"பவுடர் போட்ட தண்ணிதான் குடிக்கணும்னு எழுதினியே?"

"அது கேள்விக்குப் பதில் சார்."

அறையலாம் போல வந்தது. அந்தத் தோட்டக் கிணற்றுக்கும் பவுடர் போட ஆளை அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவி கொடுத்த காப்பியை வாயில் வைத்தேன். மணமாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது. எங்கள் கிணற்றுக்கும் பவுடர் போட்டிருந்தேனே!

"இது எந்தத் தண்ணி?"

"எதிர்வீட்டுக் கிணறு. அவங்கதான் பவுடர் போட வுடலயே. காப்பி நல்லா இல்லன்னு கத்துனது யாரு? நாலு நாளா நீங்க குடிக்கிற தண்ணியும் இதுதான்."

யாரைக் கோபித்துக்கொள்வது? தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் என்னதான் வித்தியாசம் என்று அன்று குழம்பியவன், இன்றுவரை முழுதாகத் தெளியவில்லை.

ஆரோக்கியசாமி பிழைத்தான். அடுத்த அமாவாசைக்கு வேறு மாணவர்கள் வந்தார்கள். தாளில் பதினோராவதாக ஒரு கேள்வியை நானே சேர்த்தேன்: 'இன்று காலை எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தாய்?' அன்று வீட்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பவுடர் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் தாளைக் கொடுக்கப் போனேன்.