மாரியம்மன் படிக்கட்டில் சாமியாடிய விளக்கு

மஞ்சு தவழும் மலையமர் மாரியே
அஞ்சும் அடிக்குன் அருள்.

என்று அன்னையை வணங்கி, கார்த்திகை விண்மீனும் முழுநிலவும் கூடிய திருக்கார்த்திகை நன்னாளில் நிகழ்ந்த ஒன்றை எழுதுகிறேன்.

தலவாக்கலைக்கு மேலே, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அறுபது படிகள். பிற்பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும். அவ்வாறு இருண்ட ஓர் ஐப்பசி மாலையில், விளக்கேற்றச் சென்ற என் மனைவி படியில் வழுக்கி விழுந்தாள். இப்போது அன்னையின் அடி சேர்ந்துவிட்ட அவள், கொழுந்து பறித்துத் திரும்பிய கையோடு முப்பது ஆண்டுகள் அந்தி விளக்கு ஏற்றியவள். கால் தேறியது; துணிவு தேறவில்லை. "இனிமே என்னால ஏற முடியாதுங்க" என்று கீழே நின்றே கும்பிடத் தொடங்கினாள்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் மின்பணி செய்து ஓய்வு பெற்றவன். இருள் சூழ்ந்தால் தானே எரியும் விளக்கொன்றைப் படிகளின் உச்சியில் அமைத்தேன். எளிய அமைப்புத்தான். ஒளி உணரி தரும் மின்னழுத்தத்தை, நான் குறித்து வைத்த ஆறு வோல்ட்டோடு ஓர் ஒப்-ஆம்ப் சில்லு ஒப்பிடும். உணரியின் அழுத்தம் மிஞ்சினால் இருள் என்று பொருள்; உடனே ரிலே என்னும் மின்காந்தச் சாவி 'டக்'கென்று மூடி விளக்கை ஏற்றும். வீட்டில் உணரியைக் கையால் மூடிப் பார்த்தபோதெல்லாம் பிழையின்றி இயங்கியது.

கார்த்திகையன்று நான்கு மணிக்குப் பனி இறங்கியது. விளக்கு எரிந்தது, அணைந்தது, மீண்டும் எரிந்தது. ரிலே படபடவென்று அடித்துக்கொண்டது.

கோயில் தலைவர் சிரித்தார். "அண்ணே, ஒங்க லைட்டு சாமியாடுதே! வேப்பிலை ஒடிச்சிட்டு வரவா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆறு மணிக்குச் சனம் வந்துரும். அதுக்குள்ள சரிவரலைனா கழட்டிருவோம்ங்க" என்றார்.

படியின் அடியில் தாம்பாளத்தோடு நின்றிருந்த மனைவியின் குரல் வாடி மேலே வந்தது. "ஆத்தாவுக்குப் பிடிக்கலை போலங்க."

சில்லின் மீது பழிபோட்டு அதை மாற்றினேன். பயனில்லை. மீட்டரை வைத்தேன். நான் குறித்த ஆறு வோல்ட் அசையவில்லை. உணரியின் அழுத்தமோ, விளக்கு எரிந்தவுடன் ஐந்துக்குச் சரிந்தது. அணைந்தவுடன் ஏழுக்கு ஏறியது. விளக்கின் கம்பியை மட்டும் கழற்றிப் பார்த்தேன். ரிலே அடங்கிவிட்டது. சில்லு பொய் சொல்லவில்லை. விளக்கின் ஒளியைப் பகலென்று கண்டு, கண்டதையே உரைத்திருந்தது.

பிழை என் பக்தியில் இருந்தது. சன்னிதிக்குப் புறங்காட்டி எதையும் பொருத்தலாகாது என்று, உணரியை அம்மனை நோக்கி வைத்திருந்தேன். திருநாளுக்காகப் புதிதாய் வெள்ளையடித்த கோயிற் சுவரில் பட்ட விளக்கொளி, திரும்பி அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. காரணம் விளங்கியும், அதைத் திருப்ப எனக்குக் கை எழவில்லை.

"என்னாங்க, சும்மா நிக்கிறீங்க?" என்று கீழிருந்து கேட்டாள். காரணத்தைச் சொன்னேன்.

"அட, வாசல்ல நிக்கிற காவல்காரச் சாமி ஆத்தாவையா பாத்துக்கிட்டு நிக்கிறாரு? வர்ற ஆளைத்தானே பாக்குறாரு! திருப்பி வைங்க."

உணரியைப் பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பி, விளக்கொளி படாதவாறு தகரத்தால் மறைத்தேன். பனி விலகியும் மூடியும் வந்ததால் விளக்கு இன்னும் சற்றே தடுமாறியது. சில்லின் வெளியீட்டிலிருந்து, உணரியின் கம்பி வந்து சேரும் அதன் காலுக்குப் பெரிய மின்தடையொன்றை இணைத்தேன். அதன்பின், ஒருமுறை எரிந்தால் நன்கு வெளுத்தாலன்றி அணையாத உறுதி அதற்கு வாய்த்தது.

அவள் முதற்படியில் கால் வைத்தாள். இருமுறை நின்றாள். என் செவி ரிலேயின் ஒலிக்கே அஞ்சிக் காத்திருந்தது, அது எழவில்லை. உச்சிக்கு வந்து மூச்சு வாங்கியவள், "வழி விடுங்க, எண்ணெய் ஊத்தணும்" என்று என்னைக் கடந்து உள்ளே போனாள்.

இதைப் படிக்கும் அனைவர்க்கும், அவர்தம் மனையில் உள்ளோர்க்கும், கண்ணொளியும் கால்வலிமையும் குன்றாமல் அன்னை காத்தருள்க.