எலித் தீனியும் சட்டிச் சோறும்

ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளுக்குத் தீனி போடுவதுதான் என் வேலை. திருவொற்றியூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த வருஷம் மூன்று வரிசைக் கூண்டுகள். முதல் வரிசைக்கு வெறும் தீனி, இரண்டாவதற்குப் புது பாமாயில் கலந்தது, மூன்றாவதற்குத் திரும்பத் திரும்பக் காய்ச்சிய பாமாயில் கலந்தது. காய்ச்சுகிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. வீட்டுக்காரர் மீன் வறுத்து விற்பவர் என்று சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்திருந்தேன், வேறென்ன!

ஐந்தாவது தடவை காய்ச்சும்போது வந்த வாசனை எனக்குப் பழக்கமானது. அவர் சட்டை வாசனை. காசிமேட்டில் தள்ளுவண்டி போட்டிருந்தார். மதியம் கடை கட்டும்போது, வறுத்து வறுத்துக் கறுத்த எண்ணெய்ச் சட்டியில் சோற்றைக் கொட்டி, அடியில் தங்கிய மசாலாவோடு பிரட்டித் தின்பார். மீன் வறுக்கிறவர்களுக்கு அதற்கு மிஞ்சிய விருந்து கிடையாது.

எலிகளை அறுத்த அன்று, ஆராய்ச்சி செய்யும் பெண் ஈரல்களைத் தட்டில் வரிசையாக வைத்தாள். முதல் வரிசை எலிகளுடையது நல்ல சிவப்பு. மூன்றாவது வரிசையுடையது வெளுத்து, மஞ்சள் தட்டிக் கிடந்தது. மீன் வயிற்றைக் கிழித்தே வளர்ந்தவள் நான். கெட்ட ஈரல் எதுவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இவர் பன்னிரண்டு வருஷமாக அந்தச் சட்டிச் சோற்றைத் தின்கிறாரே என்றுதான் முதலில் தோன்றியது.

அன்றைக்கே சொன்னேன். "யோவ், அந்தச் சட்டி சோத்த வுட்டுடுயா. எலிங்க ஈரலெல்லாம் கெட்டுப்போயி கீது."

"நான் இன்னா எலியாமே? கம்முனு கெட."

எனக்குக் கோபம் மூக்குமேல் வரும். இரண்டு நாள் பேசவில்லை. அது அவருக்கு வசதியாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. கடைக்குப் போனேன். அவர் சோற்றைப் பிரட்டித் தட்டில் போட்டதும் எதிரில் உட்கார்ந்து கையை வைத்தேன்.

"நானும் துன்றேன். இனிமே டெய்லி எனுக்கும் டப்பாவுல கட்டிக் குடு."

பயமுறுத்தத்தான் சொன்னேன். வாசனைக்கு நாக்கில் எச்சில் ஊறியது வேறு கதை.

உருண்டை வாய்க்குப் போகுமுன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். விரல்களைப் பிரித்து, சோற்றைத் தட்டிலேயே உதறினார்.

"நீ துன்னாத. உனுக்கு ஒத்துக்காது."

"உனுக்கு மட்டும் ஒத்துக்குமா?"

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தலை குனிந்தபடி மீதியையும் தின்று முடித்தார்.

அதுவரை என் பேச்சை அவர் நம்பவில்லை என்றே நினைத்திருந்தேன். நம்பித்தான் தின்றிருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.