தேவஇரக்கத்தின் கோவண்டிக் கிளை

"இது மேல… இது வார்டு ஆபீஸ்… இதும் மேல…"

மும்பை ஜி.டி.பி. நகர் ரயில் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து தேவஇரக்கம் துண்டுச் சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய கூட்டங்களுக்கு வருகிறவர்கள் எழுதிக் கொடுத்த ஜெப விண்ணப்பங்கள் அவை. மகளுக்கு வரன், அம்மாவுக்கு முட்டிவலி ஆகியவை காக்கிச் சட்டையின் வலது பைக்குப் போகும். அவை கடவுளின் இலாகா. மூடாத சாக்கடை, மஞ்சள் நிறத் தண்ணீர், வராத ரேஷன் கார்டு எல்லாம் இடது பைக்கு. அவை மாநகராட்சியின் இலாகா. இடது பையைத் தேர்ந்ததில் கொள்கை எதுவும் இல்லை, அதில்தான் பட்டன் இருக்கிறது என்பார். "மேல போற சீட்டு மழையில நனஞ்சாலும் ஆண்டவரு வாசிச்சிருவாரு. முனிசிபாலிட்டிக்காரன் வாசிப்பானா?"

வயது ஐம்பத்தாறு. தாராவியில் பிறந்து, தாராவியிலேயே குடித்தனம் நடத்தும் லிஃப்ட் மெக்கானிக். இடதுசாரிக் கிறிஸ்தவர்களுக்கென்று ஊர் ஊராக, அதாவது ஸ்டேஷன் ஸ்டேஷனாக, சிறு குழுக்களைத் தொடங்குவது அவரது மறுதொழில். செம்பூர்க் கிளை ஒரு கட்டிடத்தின் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் தொடங்கப்பட்டது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஜோதாம் நாற்பது நிமிடம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்ள, தேவஇரக்கம் கதவிடுக்கு வழியாகப் பேசிப் பேசி அவரை உறுப்பினராக்கித்தான் வெளியே எடுத்தார். பழுது பத்து நிமிட வேலைதான் என்று அந்தக் கட்டிடத்து வாட்ச்மேன் இன்றும் சத்தியம் செய்கிறார்.

சபைக் கமிட்டியில் இவரை "தோழர்" என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். கட்சி ஆபீசில் "பாஸ்டர்" என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். இரண்டுக்கும் இவர் ஒரே முகத்தோடு "என்ன அண்ணாச்சி?" என்று திரும்புவார். கூட்டத்தில் அரை மணி நேரம் வேதம், அரை மணி நேரம் செய்தித்தாள், பிறகு தண்ணீர், கூலி, வீடு. டீ உண்டு, தின்பண்டம் கிடையாது. "வடாபாவ் குடுத்தா எல்லாவனும் தோழரு ஆயிருவான். அது கணக்குல சேராது." குழுவுக்குத் தலைவர் என்று யாரும் இல்லை. இதை ஒவ்வொரு வாரமும் இவரே நாற்பது நிமிடம் விளக்குவார்.

ஹார்பர் லைன் ரயிலில் இவரைப் பார்க்க வேண்டும். கம்பியைப் பிடித்தபடி, கண்கள் பாதி மூடி நிற்பார். சுனாபட்டி ஸ்டேஷன் தாண்டியதும் இவருக்குள் வேறொரு ஹார்பர் லைன் ஓடத் தொடங்கும். அதில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பக்கத்தில் வெளிச்சமான ஒரு ஜன்னல். திலக் நகர் ஜன்னலில் நர்சுகள், மான்குர்த் ஜன்னலில் கொத்து வேலைக்காரர்கள். எல்லா ஜன்னலிலும் டீயின் ஆவி. யாரோ வாசிக்க, யாரோ குறுக்கே கேள்வி கேட்கிறார்கள். சாம்பல் நிற மழைக்குள் அந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்து போகும். அப்படியொரு நாள் செம்பூரில் இறங்க மறந்து, கோவண்டியில் கண் விழித்தார். கோவண்டிக் கிளை பிறந்தது.

அங்கே கிருபாவதி என்ற டிபன் சமைப்பவரின் அறையில், புதன்கிழமைதோறும் மூன்று பேர் கூடினார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஆறு பேர் குடித்தனம். ஆறாவது ஆள், கணவரின் அக்கா ஜெயசீலி. கண் ஆபரேஷனுக்கென்று ஒரு மாதம் தங்க வந்தவர். கண் எப்போதோ சரியாகிவிட்டது. இது பதினோராவது மாதம். கூட்டம் நடக்கும்போது கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

ஜூலையில் அந்தத் தவறு நடந்தது. காக்கிச் சட்டை மழையில் காயவில்லை என்று தேவஇரக்கம் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். அதில் ஒரே பை. இரண்டு இலாகாக்களும் அதற்குள் ஒன்றாகக் கிடந்தன. ஜோதாம் மராத்தியில் எழுதித் தந்த தண்ணீர் மனுவோடு, வழக்கம்போல ஆதாரத்துக்கு நான்கு சீட்டுகளைக் குத்தி வார்டு ஆபீசில் நீட்டினார்.

"யே க்யா லிக்கா ஹை, அங்கிள்?" என்று, சீட்டில் எழுதியிருப்பது என்னவென்று கேட்டார் தமிழ் தெரியாத எழுத்தர் ரஞ்சனா.

"சப் பானி கா ப்ராப்ளம், மேடம்." எல்லாமே தண்ணீர்ப் பிரச்சினைதான் என்றார் தேவஇரக்கம்.

ரஞ்சனா கடமை தவறாதவர். ஒவ்வொரு சீட்டிலும் முத்திரை குத்தினார். தேவஇரக்கமும் கடமை தவறாதவர். முத்திரை விழுந்த நகல்களைப் படம் எடுத்து, மூன்று கிளைகளுக்கும் பொதுவான வாட்ஸாப்பில் போட்டார். நான்காம் இணைப்பு, கிருபாவதியின் கையெழுத்தில் இப்படி இருந்தது: "ஆண்டவரே, ஜெயசீலி மைனியைச் சீக்கிரம் ஊருக்கு அனுப்பி வையும்."

அன்று மாலைக்குள் கோவண்டியில் அந்தச் சந்து முழுக்க அதைப் படித்துவிட்டது. அதே மாலையில், வாட்ஸாப்பை இன்னும் திறக்காத தாராவிக் கிளை, அதே பையிலிருந்து ஜெபத்துக்கென்று வந்த சீட்டைப் பார்த்து, ஒரு சாக்கடை மூடிக்காகக் கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருந்தது.

கிருபாவதி போன் செய்தார். "இனி இங்க கூட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. ரெண்டு நாளா மைனி பச்சத்தண்ணி குடிக்கல. ஒரே ரூமுக்குள்ள நான் எம் மூஞ்சிய எங்க கொண்டு வைக்கது?"

அடுத்த புதன்கிழமை ரயிலில் தேவஇரக்கம் கண்களை அகலத் திறந்து வைத்திருந்தார். வெளியே மழை மட்டும் இருந்தது, ஜன்னல்கள் இல்லை. கிளை போனால் போகட்டும், அந்த இரண்டு பெண்களும் இனி எப்படி ஒரு கூரைக்குள் இருப்பார்கள் என்பதுதான் நெஞ்சில் கிடந்து குத்தியது. மன்னிப்பை மூன்று விதமாகத் தயாரித்துக்கொண்டு கோவண்டியில் இறங்கினார்.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே பதினோரு பெண்கள். சந்து முழுக்க வேடிக்கை பார்க்க வந்திருந்தது. கட்டிலில், சுவருக்கு முதுகைக் காட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஜெயசீலி.

"வாரும். நீருதானா எம் பேரு போட்ட சீட்ட கவர்மென்டுக்குக் குடுத்தவரு?"

"மன்னிச்சிரணும் மைனி, அது கை தவறி…"

"என்னத்த தவறி? நான் கால நீட்டுனா இவ பிள்ள வெளிய போய் படுக்கணும். அதுக்கு ஆண்டவரு என்ன செய்வாரு, செவுத்தத் தள்ளி வைப்பாரா? சீட்டு போவ வேண்டிய எடத்துக்குத்தான் போயிருக்கு." பிறகு அடுப்படியில் இருந்த கிருபாவதியின் பக்கம் திரும்பினார். "ஆனா நீ எங்கிட்ட நேரா சொல்லிருக்கலாம்ட்டி."

கிருபாவதி நிமிரவில்லை. "சொன்னா போயிருப்பீயளா மைனி?"

ஜெயசீலி நேர்மையாக யோசித்தார். "போயிருக்க மாட்டேன்."

முதலில் சிரித்தது கிருபாவதிதான். பிறகு அறையே சிரித்தது. வேடிக்கை பார்க்க வந்த பதினோரு பேரின் கையிலும், ஜெயசீலி எழுத வைத்த, வார்டு ஆபீசுக்கான சீட்டு இருந்தது: அவரவர் அறையின் நீளம், அகலம், படுப்பவர்களின் எண்ணிக்கை.

"இன்னிக்கு நான் பேசுதேன்," என்றார் ஜெயசீலி. "நீரு கேளும்."

தேவஇரக்கம் வாயைத் திறந்தார். வழக்கமான நாற்பது நிமிடப் பேச்சு அங்கே தயாராக இருந்தது. அறையைப் பார்த்தார், உட்கார ஒரு ஜாண் இடம் இல்லை. வாயை மூடிக்கொண்டு வாசலுக்கு வெளியே இறங்கினார். ஈரச் செருப்புகளை ஜோடி ஜோடியாக ஒதுக்கி வைத்துவிட்டு, அவற்றின் நடுவே, மழைக்கு முதுகைக் கொடுத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.