ஏழாம் நம்பர் மெஷின்ல யாரு?

இல்ல மச்சி, கீபோர்ட் ஒயர் லூஸ் எல்லாம் கிடையாது. ஒயரதான் நானே புடுங்கிட்டேனே! சிரிக்காத. அடிச்சு சொல்றேன், இது நடந்துச்சு. இந்த வருஷம், 99 ஆயுத பூஜை அன்னிக்கு, தரமணில, எங்க லேப்ல.

மேட்டர் இன்னான்னா, சாருலதா அக்கா டிபிக்கு புது மருந்து தேடினு இருந்தாங்க. அந்த கிருமியோட ப்ரோட்டீன்ல எந்த மருந்து போய் கரெக்டா ஒட்டும்னு கணக்கு போடணும். மொத்தம் நூத்தி இருவது மருந்து. ஒரே கம்ப்யூட்டர்ல போட்டா ஒரு வாரம் ஆவும். மறுநாள் காலைல ஒம்போதுக்குள்ள ரிசல்ட் காட்டலன்னா ப்ராஜெக்ட இழுத்து மூடிடுவாங்க. மூணு வருஷ உழைப்பு.

நான்தான் ஐடியா குடுத்தேன். ஹால்ல பன்னெண்டு கம்ப்யூட்டர் லீவுல சும்மாதான கீது? ஒண்ணொண்ணுக்கும் பத்து மருந்து பிரிச்சு குடுத்தா ஒரே ராத்திரி!

"டேய் சுஹாஸ், பூஜை ஆயிடுத்து. பொட்டு வெச்சாச்சு. இனிமே தொடப்படாது."

"நான் எங்கக்கா தொடறேன்? ஆஃப் பண்ணாம மட்டும் விடுங்க. பக்கத்து ரூம்லேந்து ஓட்டறேன்."

என் ப்ரோக்ராம் ரொம்ப மரியாதையானது. யாராவது கீபோர்ட தொட்டா வேலைய நிறுத்திட்டு ஒதுங்கிக்கும். அவங்க எழுந்து போனாதான் திரும்ப ஓடும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சேன். அக்கா வீட்டுக்கு போயிட்டாங்க. வாட்ச்மேன் மெஹபூப் அலி பாய் ஹால பூட்டி சாவிய நீட்டினாரு. "இன்னா நைனா, மெஷினுக்கே லீவு. உனுக்கு இல்லியா?"

7:40. என் ஸ்க்ரீன்ல ஒரு வரி. ஏழாம் நம்பர் நின்னுடுச்சு. காரணம்... யாரோ டைப் பண்றாங்க.

கண்ணாடி வழியா எட்டி பாத்தேன். யாரும் இல்ல. எல்லா சேரும் மேஜைக்குள்ள. ஏழாவது சேர் மட்டும் வெளிய.

7:52. டக்... டக் டக்... நடுவுல ஒரு வறட்டு இருமல்.

"பாய்?"

பாய் கீழ கேட்ல பீடி புடிச்சினு இருந்தாரு.

ஏழு அப்ப ஒரே ஒரு மருந்துதான் முடிச்சிருந்துச்சு. மீதி ஒம்போத வேற மெஷினுக்கு மாத்தினா காலைல ஒம்போது தாண்டிடும். வேற வழி இல்ல. பூட்ட தெறந்து உள்ள போனேன். கீபோர்ட்ல வெச்ச குங்குமம் கலைஞ்சு கீது. பட்டன் பட்டனா செவப்பு. கீபோர்ட் ஒயர புடுங்கிட்டு ஓடி வந்தேன்.

8:04. ஸ்க்ரீன்ல அதே வரி. ஏழுல யாரோ டைப் பண்றாங்க.

டக்... டக்...

அப்பறம் இருமல்.

இந்த தடவ... என் சேருக்கு பின்னால.

மத்ய கைலாஷ் கோயில் வரைக்கும் செருப்பில்லாம ஓடினேன் மச்சி.

காலைல எட்டே காலுக்கு வந்தா அக்கா குதிச்சினு இருக்காங்க. நூத்தி இருவதும் ரெடி! ப்ராஜெக்ட் பொழச்சுது. நான் ஏழோட பதிவ தெறந்து பாத்தேன். 7:40க்கு அப்பறம் ஏழுல என் ப்ரோக்ராம் ஒரு நிமிஷம் கூட ஓடல. ஆனா மீதி ஒம்போதுக்கும் ரிசல்ட் கீது. அப்பறமா வேற மெஷின்ல போட்டு பாத்தோம். ஒரு நம்பர் கூட தப்பில்ல.

அக்காகிட்ட ஒயர சொன்னேன். இருமல சொன்னேன். அவங்க மூஞ்சி வெளுத்துடுச்சு.

"ஏழு ஜெயபாரதியோட சீட்டுடா. இந்த வேலைய ஆரம்பிச்சதே அவதான். ராத்திரியெல்லாம் இருமிண்டே டைப் பண்ணுவா."

"இப்ப எங்க?"

"போன வருஷம் ஆயுத பூஜைக்கு மொத நாள் போயிட்டா. டிபி."

அடுத்த மாசம் ஆராய்ச்சி பேப்பர் அனுப்பறோம். வேல செஞ்சவங்க பேரெல்லாம் போடணும். அக்கா ஒரு எடம் காலியா விட்டு வெச்சிருக்காங்க. போடலன்னா... திரும்ப வருவாளா? போட்டா... பாக்க வருவாளா? நீ இன்னா சொல்ற மச்சி, போட்டுடலாமா?