மாசு மருவில்லாத தோல்

புதுக்கடைச் சந்திப்பில் தேவகுமாருக்கு ஒரு கடை உண்டு. அதில் விற்பனைக்கென்று ஒன்றும் கிடையாது. ரப்பர்ப் பாலை உறையவைத்து, தகடாக்கித் தோட்டக்காரர்கள் கொண்டுவரும் ஷீட்டை வாங்கி, தரம் பிரித்து, கட்டுக் கட்டிப் பெரிய வியாபாரிக்கு அனுப்புவதுதான் தொழில். முப்பத்து நான்கு வருடமாக இதைச் செய்கிறார். ஷீட்டைக் கையில் எடுத்தால் முதலில் பெருவிரலால் ஒரு கிள்ளு. பிறகு இரண்டாக மடித்து விடுவார். அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். கடைசியில் மூக்கருகே கொண்டுபோவார். குமிழ் இல்லாமல், புள்ளி இல்லாமல், பூஞ்சை இல்லாமல், ஒரே சீராகத் தேன் நிறத்தில் இருந்தால் முதல் கிரேடு. தூசி தெரியத் தெரிய ஐந்து வரை இறங்கும். அதற்கும் கீழே ஒன்று உண்டு. மரத்தின் வெட்டிலும் பால் பிடிக்கும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்துபோகும் மிச்சப் பால், பெயர் ஒட்டுப்பால். உரித்துச் சாக்கில் அள்ளிப் போடுவார்கள். அதன் நாற்றம் சந்திப்பு வரை வரும்.

ஷீட்டு விஷயத்தில் தேவகுமார் தவறியதே இல்லை. இதை அவர் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும் என்றில்லை, ஊரும் ஒப்புக்கொண்டதுதான். ஆனால் மனிதர் ஷீட்டோடு நிற்கவில்லை. கடவுள் உலகத்தைப் படைத்து, நல்லது என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓய்வெடுக்கப் போய்விட்டாராம். விட்டுப்போன தரம் பிரிக்கும் வேலை தேவகுமார் தலையில் விழுந்தது. போதகரின் பிரசங்கம் மூன்றாம் கிரேடு, குமிழ் அதிகம். மனைவி நேசபாய் வைக்கும் மீன்கறி கல்யாணமான நாளிலிருந்து இரண்டாம் கிரேடிலேயே நிற்கிறது. புளி கூட்டியும் குறைத்தும் பார்த்த நேசபாய், பத்து வருடத்துக்கு முன்பே முயற்சியைக் கைவிட்டுவிட்டாள்.

இந்தத் திறமை ஒரு முறை அவர் காலை வாரியது. நாலு வருடத்துக்கு முன்பு, மகள் ஜெஸ்பினைப் பார்க்க டெனிஷ் வீட்டார் வந்த அன்று. பையனுக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. படிப்பில் அரியர் வைத்து எழுதியவன். இரண்டு வேலையை விட்டவன், மூன்றாவதில் இருப்பவன். தேவகுமார் இத்தனையையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சாப்பாடு முடிந்து எல்லாரும் கை கழுவப் போன நேரத்தில் அடுக்களைக்குள் வந்து, நேசபாயிடம் தீர்ப்பைச் சொன்னார்.

"ஏட்டி, பயல் ஒட்டுப்பாலு."

அடுக்களைக்கு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு வெளியேதான் குழாய். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தது டெனிஷ்.

ஜெஸ்பின் பிடித்த பிடியில் கல்யாணம் நடந்தது. அவள் நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போனாள், டெனிஷும் போனான், அங்கே ஒரு குடோனில் வேலை. கெட்ட பழக்கம் இல்லை, மகள் முகத்தில் ஒரு வாட்டம் இல்லை. மருமகன் மரியாதையிலும் ஒரு குறை வைக்கவில்லை. வாரம் தவறாமல் வீடியோ கால் வரும். "ஹலோ, சுகமா இருக்கியளா? மருந்து சாப்பிட்டியளா? இந்தா, ஜெஸ்பின்ட்ட குடுக்கேன்." அவ்வளவுதான். நேசபாயை வாய் நிறைய அத்தை என்பான். தேவகுமாரை மட்டும் மாமா என்று ஒரு தரம் கூட அழைத்தது கிடையாது. நாலு வருடமாக அவருக்குப் பெயர் ஹலோ.

அந்த ஒரு வார்த்தைக்கு மனிதர் ஏங்கினார். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அக்கம்பக்கத்து மருமகன்கள் தெருவில் மாமா மாமா என்று இரைந்துகொண்டு போகும்போது அவர் ஷீட்டை மூக்கருகே வைத்தபடி அப்படியே நின்றுவிடுவார். மன்னிப்புக் கேட்டால் தீர்ந்தது. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லாரோடும் சேர்ந்து கேட்பது. தனியாக, அதுவும் மருமகனிடம், கேட்கிற பொருள் இல்லை என்பது அவர் கட்சி.

இந்த வருடம் மாசி மாதம் ஒரு வீடியோ காலில் ஜெஸ்பின் பேச்சுவாக்கில் சொன்னாள்: டெனிஷ் வேலைக்குப் பைக்கில்தான் போகிறான், குளிரும் மழையும் சாட்டையடிதான், பழைய தோல் ஜாக்கெட் முழங்கையில் கிழிந்துவிட்டது, கடையில் வாங்கலாமென்றால் இவன் கைக்கு நீளம் பற்றவில்லை. கை நீளம் என்று தேவகுமாருக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம் இருந்தது. அது இப்படி அளவு நாடாவில் முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

போனை வைத்ததும் நேசபாயிடம் சொன்னார்: "தச்சுக் குடுப்போம். நம்ம கையாலே தோலு எடுத்துத் தச்சுக் குடுப்போம்."

"ஒங்களுக்குத் தோலப் பத்தி என்ன தெரியும்?"

"ஷீட்டுதானட்டி அதுவும். ரப்பருல வந்தா ரப்பர் ஷீட்டு, ஆட்டுல வந்தா ஆட்டு ஷீட்டு."

நேசபாய் அடுக்களைக்குப் போய்விட்டாள். மீன்கறியிலேயே அனுபவப்பட்டவள்.

அளவுக்கு டெனிஷின் கல்யாணக் கோட்டு அலமாரியில் இருந்தது. அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு தேவகுமார் தக்கலைக்குப் பஸ் ஏறினார். பத்மநாபபுரத்துக்குத் திரும்பும் முக்கில், மாடியில், வினோஜ் என்பவன் தோல் ஜாக்கெட் தைக்கிறான். பத்து வருடம் சென்னைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் வெட்டும் மேசையில் நின்றவன். பைக்கில் ஊர் சுற்றும் பையன்கள் எல்லாம் அவனிடம்தான் வருவார்கள்.

"ஆருக்கு அண்ணாச்சி?"

"மருமோனுக்கு. பைக்கு ஓட்டணும். மழை, குளிரு, எல்லாம் தாங்கணும்."

வினோஜ் மேசைமேல் தோல்களை ஒவ்வொன்றாக விரித்தான். "செம்மறி வேண்டாம். தொட்டா மெத்துன்னு இருக்கும், கீழ விழுந்தா கிழிஞ்சிரும். எருமை நல்ல ஒறப்பு, ஆனா போட்டுக்கிட்டு நடந்தா தோளு எறங்கிப் போவும். மாடு கொள்ளாம், நல்லதுதான். வெள்ளாடு அதவிடக் கொள்ளாம், கனம் கொறவு, ஒறப்பும் உண்டு. நான்னா இந்த வெள்ளாட்டத்தான் எடுப்பேன்."

தேவகுமார் வெள்ளாட்டுத் தோலைக் கையில் எடுத்தார். கிள்ளினார். மடித்து விட்டார். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தோலுக்குள்ளே வெளிச்சம் போகாது. ஆனாலும் ஏதோ தெரிந்தது போலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"இது என்னது, ஒரு கோடு?"

"முள்ளுவேலி கீறினது அண்ணாச்சி."

"இந்தப் புள்ளி?"

"உண்ணி கடிச்சது. காட்டுல மேஞ்ச ஆடுல்லா. மேல்தோல சீவாம, பெயிண்டு அடிச்சு மூடாம அப்படியே எடுத்தா இதெல்லாம் தெரியும். தெரிஞ்சாத்தான் நல்ல தோலு. இருவது வருசம் உழைக்கும்."

முப்பத்து நான்கு வருடம் புள்ளியைக் கண்டால் கிரேடு இறக்கிய மனிதரிடம் சொல்கிற பேச்சா இது? தேவகுமாருக்குச் சிரிப்பு வந்தது. அழுக்குச் சரக்கைத் தள்ளிவிட வியாபாரிகள் சொல்லும் கதைகளில் அவர் கேட்காதது இல்லை. அவரே சிலது சொல்லியிருக்கிறார். அவர் கண், அறை மூலையில் கிடந்த ஒரு சுருளின்மேல் விழுந்தது. கறுப்பு. விரித்தால் கண்ணாடி மாதிரி ஒரே சீர். ஒரு கீறல், ஒரு புள்ளி கிடையாது.

"அது என்ன தோலு?"

"அது ஜாக்கெட்டுக்கு இல்ல அண்ணாச்சி. மேல்தோல உரிச்சு எடுத்த பெறவு மிச்சம் வர்ற அடித்தோலு. மேல பிளாஸ்டிக்குப் பூச்சு பூசியிருக்கு. லேடீஸ் பேக்குக்கும் பர்ஸுக்கும் வச்சிருக்கேன்."

"மாசு மருவு இல்ல, பாரு."

"மாசு மருவு தெரியாம மூடியிருக்கு."

"எனக்கு இதுல தச்சாப் போரும்."

"சூடு பட்டாப் பூச்சு விட்டுப் போவும். மடக்குற எடத்துல வெடிக்கும். அந்த ஆளு பைக்குலேந்து விழுந்தா..."

"விழமாட்டான். நீ தை."

வினோஜ் மூன்று முறை சொல்லிப் பார்த்தான். நாலாவது முறை சொல்லவில்லை. கல்யாணக் கோட்டை விரித்து அளவு எடுத்துக்கொண்டே, "நான் சொன்னேங்கியது ஓர்மையில இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னான். தேவகுமார் அதைச் செவ்வையாக மறந்துவிட்டு பஸ் ஏறினார்.

ஜாக்கெட் வைகாசியில் வந்தது. நன்றாகத்தான் தைத்திருந்தான் வினோஜ். இருட்டில் நிறுத்தினாலும் பளபளக்கும். தேவகுமார் அதைக் கட்டிலில் விரித்துப் போட்டு, தன் வாழ்நாளில் முதல் முறையாக, ஷீட்டு அல்லாத ஒரு பொருளுக்கு முதல் கிரேடு கொடுத்தார். டெனிஷும் ஜெஸ்பினும் வருவது கிறிஸ்துமசுக்கு. அதுவரை அலமாரியில் இருக்கட்டும் என்றார்.

அப்போதுதான் மழை பிடித்தது. நம்முடைய மேற்குப் பக்கத்து மழையைத் தெரியாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. செருப்பு பூக்கும், பைபிள் அட்டை பூக்கும், சும்மா உட்கார்ந்திருந்தால் ஆளே பூத்துவிடுவான். இருபது நாள் கழித்து நேசபாய் அலமாரியைத் திறந்தபோது ஜாக்கெட்டின் தையலோரம் எல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது.

"ஒரு துணியால தொடச்சுக் காத்தாட வையுங்க" என்றாள்.

தேவகுமார் யோசித்தார். பூஞ்சை பிடிக்கிற பொருள் எது? ஷீட்டு. ஷீட்டுக்குப் பூஞ்சை பிடித்தால் என்ன செய்கிறோம்? வீட்டுக்குப் பின்னால் புகைப்புரை இருக்கிறது. ரப்பர் விறகும் தேங்காய்த் தொண்டும் போட்டு மூட்டி, கம்பில் ஷீட்டைத் தொங்கவிட்டு நாலு நாள் புகை போட்டால் பிறகு பூஞ்சை கிட்ட வராது. இந்தச் சின்ன விஷயம் தோல் கம்பெனிக்காரனுக்கெல்லாம் தெரியாமல் போனதை நினைத்து அவருக்குப் பாவமாகக்கூட இருந்தது.

இரண்டு ரப்பர் ஷீட்டுக்கு நடுவே ஜாக்கெட் நாலு நாள் தொங்கியது. வெளியே வந்தபோது பூஞ்சை போயிருந்தது. வாசனையும் மாறியிருந்தது, அது வேறு. ஆடியில் இன்னொரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, முன்னெச்சரிக்கையாகப் புகை போட்டார். பிறகு பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். செய்வதைத் திருந்தச் செய்கிற மனிதர்.

டிசம்பர் இருபத்து மூன்று. மகளும் மருமகனும் விமானத்தில் திருவனந்தபுரம் வந்து இறங்கி, காரில் வந்துகொண்டிருந்தார்கள். தேவகுமார் ஜாக்கெட்டை ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கவரைப் பிரித்தார். முழங்கையில் ஒரு வெடிப்பு. நகத்தால் மெல்லத் தொட்டார். பூச்சு ஒரு நாடாவாக உரிந்து கையோடு வந்தது, காலையில் மரத்து வெட்டிலிருந்து ஒட்டுப்பாலை உரிக்கிற மாதிரியே. அடியில் பஞ்சு பஞ்சாக நரைத்த தோல். அந்த இடத்தைப் பெருவிரலால் கிள்ளினார். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முதல் முறையாக அவர் கை அந்தத் தோலைச் சரியாகத் தரம் பிரித்திருந்தது.

வினோஜுக்கு போன் போட்டார். "இன்னைக்கு வேற ஒண்ணு..."

"அண்ணாச்சி, நான் சொன்னது ஓர்மை உண்டா?"

"உண்டு" என்றார் தேவகுமார். அது அவருக்குக் கடினமான வார்த்தை.

"வெள்ளாட்டுத் தோலு இப்பமும் இருக்கு. ஆனா தைக்க ஒரு வாரம் வேணும்."

கவரைக் கட்டிப் பழையபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினார். நேசபாயிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பிசகு. மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, மீன்கறியை விளம்பிக்கொண்டே அவள் வெள்ளை மனதோடு சொல்லிவிட்டாள்: "மக்களே டெனிஷ், மாமா ஒனக்கு ஒரு ஜாக்கெட் தச்சு வச்சிருக்காரு. மாசியிலேந்து அதே நெனப்பு. தக்கலைக்கு மூணு நடை போனாரு."

"அப்பாவா?" என்றாள் ஜெஸ்பின். டெனிஷ் நிமிர்ந்து பார்த்தான்.

"அது இன்னும் ஆகல்ல" என்றார் தேவகுமார்.

"கட்டிலுக்கடியில இருக்கே" என்ற நேசபாய், போய் எடுத்தே வந்துவிட்டாள்.

கவரைப் பிரித்ததும் புகைப்புரை வாசனை சாப்பாட்டு மேசை முழுக்கப் பரவியது. மீன்கறி தோற்றது. டெனிஷ் போய்க் கை கழுவிவிட்டு வந்தான், அதே குழாயடிக்குத்தான் போனான். ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தான். பெருவிரலால் ஒரு கிள்ளு கிள்ளினான். இரண்டாக மடித்து விட்டான். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். கடைசியில் மூக்கருகே கொண்டுபோனான். அவசரமே இல்லை. தேவகுமார் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாலு வருடத்துக்கு முன்னால் அடுக்களை ஜன்னல் திறந்திருந்தது என்பது அவருக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். இத்தனை நாளும் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

முழங்கையில் தொங்கிய பூச்சை டெனிஷ் ஒரு இழுப்பு இழுத்தான். நாடா நீளமாக வந்தது.

"இது ஒட்டுப்பாலு, மாமா" என்றான்.

நேசபாய் கையில் அகப்பை அப்படியே நின்றது. ஜெஸ்பினுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டெனிஷ் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டான். கை நீளம் மணிக்கட்டு வரை கச்சிதமாக இருந்தது.

தேவகுமார் தொண்டையைச் செருமினார். "நீ என்ன சொன்ன மக்களே?"

"ஒட்டுப்பாலு மாமா."

"என்னது?"

"ஒட்டுப்பாலுன்னு சொன்னேன் மாமா."

"கேக்கல்ல. கொஞ்சம் ஒறக்கச் சொல்லு."

அவருக்குக் காதில் ஒரு கோளாறும் கிடையாது. டெனிஷ் இன்னொரு தரமும் சொன்னான், இந்தத் தடவை தெருவுக்கே கேட்கும்படி. தேவகுமார் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒரு வாய் சோறு பிசைந்து தின்றார். மீன்கறி இன்றைக்கு முதல் கிரேடு என்று நேசபாயிடம் சொன்னார்.